தைரொயிட் கூடினால் என்ன சாப்பிடலாம் என்று கேட்ட தங்கச்சிக்கு

சாவகச்சேரிப் பக்கம் படிப்பிக்கிற ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். வயது 34, இரண்டு பிள்ளைகள். தைரொயிட் கூடுதலாகச் சுரக்கிறது என்று இரண்டு மாதத்துக்கு முன்தான் தெரியவந்து, கார்பிமசோலும் புரொப்பிரனோலோலும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என்ன சாப்பிடலாம், எதை விட வேண்டும், மீனே தொடக்கூடாது என்கிறார்களே அது உண்மையா என்பதுதான் கேள்வி. ஆனால் கேள்வியின் கடைசியில், "பிள்ளைகளில் சும்மா சும்மா எரிந்து விழுகிறேன், மாமி எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்கிறா, நான் பழையபடி வருவேனா" என்று ஒரு வரி இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றியும் சொல்கிறேன். என்றாலும் அவர் உண்மையில் கேட்டது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வருவீர்கள் தங்கச்சி. யாழ்ப்பாணத்தில் 30 வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான், அதில் பெரும்பகுதி மருத்துவக் கிளினிக்கில் போனது. நான் வைத்தியர் அல்ல, உங்கள் குளிசையைக் கூட்டு, குறை என்று சொல்கிற இடத்தில் நான் இல்லை. ஆனால் கை நடுங்கிக் கிளினிக் கொப்பியைக்கூட நேராகப் பிடிக்க முடியாமல் வந்தவர்கள், ஆறேழு மாதம் கழித்து வேறு ஆளாக வந்து வாங்கில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரோடு சிரித்துக் கதைப்பதை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். உங்கள் கோபம் உங்கள் குணம் அல்ல. தைரொயிட் சுரப்புத்தான் உடம்பின் ஓட்டம் எவ்வளவு வேகமாக இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது. அது கூடினால் இதயம் ஓடும், குடல் ஓடும், யோசனை ஓடும், இரவு மூன்று மணிக்குக் கண் முழித்துவிடும். நித்திரை இல்லாமல், நாள் முழுக்க ஓடிவந்த ஆள் மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கிற ஒருவரிடம் பிள்ளை நாலாம் தரமாக ஒரு கேள்வியைக் கேட்டால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? இதை மாமிக்கும் கணவருக்கும் ஒரு தரம் இருத்திச் சொல்லுங்கள். நூல் கட்டுவதும் திருநீறு போடுவதும் மனத்துக்கு ஆறுதல் என்றால் போடட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை, குளிசை நிற்கக்கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு மாதமாகக் குடிக்கிறேன், இன்னும் முழுக்கச் சுகமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. கார்பிமசோல் புதிதாகச் சுரப்பு உண்டாவதைத்தான் தடுக்கும், சுரப்பிக்குள் ஏற்கெனவே சேமித்து வைத்திருப்பதை ஒன்றும் செய்யாது. அந்தச் சேமிப்பு வடிந்து முடிய வேண்டும். அதனால் மூன்று நாலு கிழமைக்குப் பிறகுதான் ஏதோ கொஞ்சம் குறைகிறது என்று தெரியும், சிலருக்கு இரண்டு மூன்று மாதமும் எடுக்கும். அதுவரை படபடப்பையும் நடுக்கத்தையும் அடக்கி வைக்கத்தான் புரொப்பிரனோலோல். அது வருத்தத்தை மாற்றுவதில்லை, ஆனால் கெதியில் வேலை செய்யும். உங்களுக்கு முட்டு, இழுப்பு எப்போதாவது இருந்திருந்தால் அதை வைத்தியருக்குக் கட்டாயம் சொல்லுங்கள், அப்படிப்பட்டவர்களுக்குப் புரொப்பிரனோலோல் ஆபத்து. நன்றாக இருக்கிறது என்று அதைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது, வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார். இன்னொன்று, இரத்தப் பரிசோதனையில் தைரொயிட் சுரப்புகளான ரி4, ரி3 இரண்டும் சரியான அளவுக்கு வந்த பிறகும், தைரொயிட்டைத் தூண்ட மூளையடியிலிருந்து வருகிற ரி.எஸ்.எச். மாதக்கணக்கில் கீழேயே கிடக்கும். றிப்போட்டைப் பார்த்து "இன்னும் சரியாகவில்லையே" என்று கிளினிக் வாசலில் அழுதவர்களை நான் தேற்றியிருக்கிறேன். அது பிந்தி எழும்புகிற ஒன்று, பயப்படத் தேவையில்லை.

இனிச் சொல்லப்போவதைச் சாப்பாட்டை விட முக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கார்பிமசோல் குடிக்கிற ஆயிரம் பேரில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் சடுதியாக இறங்கிவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் நடக்கும், நீங்கள் இப்போது அந்தக் காலத்துக்குள்தான் நிற்கிறீர்கள். தொண்டை நோ, காய்ச்சல், வாய்ப்புண் என்றுதான் அது தொடங்கும், ஊரில் ஓடித்திரிகிற தடிமன் காய்ச்சல் மாதிரியே இருக்கும். எனக்கு நினைவில் நிற்கிற ஒரு தோட்டக்காரத் தம்பி, கொத்தமல்லி அவித்துக் குடித்து, பனடோல் போட்டு, வெங்காயம் கிண்டுகிற வேலை முடியட்டும் என்று நாலு நாள் பொறுத்துவிட்டு வந்தார். வெள்ளை அணு அநேகமாக இல்லை என்கிற நிலை. பிழைத்துக்கொண்டார், ஆனால் பல நாள் தனி அறையில் வைத்துப் பார்க்க வேண்டி வந்தது. ஆகவே தொண்டை நோவோ காய்ச்சலோ வந்தால் அடுத்த வேளைக் கார்பிமசோலைப் போடாமல், அன்றைக்கே, இரவு என்றாலும், ஆஸ்பத்திரிக்குப் போய் "நான் கார்பிமசோல் குடிக்கிறேன், எஃப்.பி.சி. செய்து பாருங்கள்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், இரத்த அணுக்களை எண்ணுகிற பரிசோதனை அது. அணுக்கள் சரியாக இருந்தால் திரும்பக் குடிக்கச் சொல்வார்கள். போன கிழமை செய்த பரிசோதனை சரியாக இருந்தது என்பது இதற்கு உத்தரவாதம் இல்லை, இது ஒரு நாளில் இறங்கக்கூடியது. கண் மஞ்சளாவது, சிறுநீர் கடும் நிறமாவது, தாங்க முடியாத வயிற்று நோ, இவற்றுக்கும் அதே அவசரம்தான். தோலில் லேசான கடியும் தடிப்பும் மட்டும் என்றால் அது கனபேருக்கு வருவது, அடுத்த நாள் காட்டலாம்.

குளிசை விஷயத்தில் இன்னொரு பிழை வீடுகளில் நடக்கிறது. அம்மாவுக்கும் தைரொயிட், மகளுக்கும் தைரொயிட். அம்மாவுக்குக் குறைவு, அவர் குடிப்பது தைரொக்சின். மகளுக்குக் கூடுதல், அவர் குடிப்பது கார்பிமசோல். இரண்டையும் "தைரொயிட் குளிசை" என்றே சொல்லி ஒரே பெட்டியில் போட்டு வைப்பார்கள். முடிந்துபோனால் ஒருவருடையதை மற்றவர் எடுத்துப் போடுவார்கள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவது போன்றது அது. பெயரை வாசித்துப் பழகுங்கள், பெட்டியை வேறாக வையுங்கள். குளிசையை நிறுத்துகிற பிழையும் இருக்கிறது. 2006 ஆகஸ்ட்டில் யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை பூட்டின பிறகு மருந்து வருமோ வராதோ என்ற பயத்தில் ஒன்றைப் பாதியாக்கி, பாதியைக் காலாக்கிக் குடித்தவர்கள் எங்களிடம் வந்தார்கள், 2022இல் மருந்துத் தட்டுப்பாட்டிலும் அதே கதை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இன்றைக்கு மருந்து கையில் இருக்கும்போதே "சுகம் வந்துவிட்டது" என்று நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். கிரேவ்ஸ் நோய்க்கு, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தூண்டிவிடுகிற வகைக்கு, இந்தக் குளிசையை வழமையாக 12 முதல் 18 மாதம் கொடுப்பார்கள். இடையில் விட்டால், அதுவும் ஒரு காய்ச்சலோ சத்திரசிகிச்சையோ சேர்ந்து வந்தால், கடும் காய்ச்சல், தாறுமாறான நெஞ்சடிப்பு, சத்தி, வயிற்றோட்டம், மனம் தடுமாறுவது என்று உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போகலாம். அப்படி ஆளைக் கண்டால் ஓட்டோ தேடிக்கொண்டிருக்காமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

சரி, சாப்பாடு. மீனை விடத் தேவையில்லை. அயடின் கூடினால் தைரொயிட் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மீனையும் உப்பையும் விட்டுவிட்டு, இருக்கிற இளைப்போடு இன்னும் இளைத்து வருபவர்கள்தான் அதிகம். 1995 முதல் இந்த நாட்டில் சாப்பாட்டு உப்புக்கு அயடின் சேர்ப்பது சட்டம், அந்த அளவு உப்பும் ஒரு துண்டு மீனும் இரண்டு இறாலும் உங்களை ஒன்றும் செய்யாது. மழைக்கு ஒடியற்கூழ் காய்ச்சினால் நீங்களும் ஒரு கோப்பை குடியுங்கள். செறிவாக உள்ளே போகிற அயடினுக்குத்தான் பயப்பட வேண்டும்: கடற்பாசிக் குளிசை, கடற்பாசித் தூள், வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் அனுப்புகிற "தைரொயிட் சத்து" போத்தல்கள். அதே மாதிரி, சாயம் ஏற்றிச் செய்கிற சீ.ரி. ஸ்கானுக்குப் போனால் தைரொயிட் வருத்தம் இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், அந்தச் சாயத்தில் அயடின் நிறைய இருக்கிறது. கழுத்தில் கட்டிகள் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பின்னொரு காலத்தில் கதிரியக்க அயடின் சிகிச்சை என்று முடிவானால், அதற்கு முன் கொஞ்ச நாளைக்கு அயடின் குறைந்த சாப்பாடு சொல்லக்கூடும், அது வேறு கதை.

கோவாவும் மரவள்ளிக்கிழங்கும் தைரொயிட்டைக் குறைக்கும், நிறையச் சாப்பிடு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவற்றில் சுரப்பியைக் கொஞ்சம் தடுக்கிற பொருள் இருப்பது உண்மைதான், அயடின் போதாத இடங்களில் அதனால் கழுத்துக் கழலை வருவதும் உண்மை. ஆனால் உங்கள் வருத்தத்தை அடக்கிற அளவுக்கு மரவள்ளி சாப்பிட யாராலும் முடியாது. விருப்பமென்றால் நன்றாக அவித்துச் சாப்பிடுங்கள், மருந்தாக நினைக்க வேண்டாம். உங்களுக்கு இப்போது தேவை எலும்புக்கும் தசைக்கும். சுரப்புக் கூடியிருக்கிற காலத்தில் எலும்பிலிருந்து கல்சியம் கரைகிறது, தசை வற்றுகிறது. முள்ளோடு சாப்பிடுகிற நெத்தலி, சூடை, பால், தயிர், எள்ளுருண்டை, குரக்கன் புட்டு, முருங்கையிலை வறை, பருப்பு, முட்டை என்று தாராளமாகச் சாப்பிடுங்கள். பசி கூட இருந்தால் வெட்கப்படாமல் இடையிலும் சாப்பிடலாம். ஒன்று சொல்லிவைக்கிறேன், குளிசை பிடித்த பிறகு உடம்பின் ஓட்டம் குறையும், பழகிப்போன பசி உடனே குறையாது, அந்த இடத்தில்தான் பலருக்கு எடை ஏறி மனம் சோர்கிறது. இழந்த எடை திரும்புவது சுகத்தின் அடையாளம், அதற்கு மேலே ஏறத் தொடங்கினால் சோற்றைக் கொஞ்சம் குறையுங்கள். எடை ஏறுவதோடு சேர்த்துக் குளிர், மலச்சிக்கல், எழும்பவே ஏலாத சோர்வு வந்தால் அது மருந்து கூடிவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம், அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்காமல் காட்டுங்கள்.

தேத்தண்ணிக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு ஆறு ஏழு பிளேன்ரீ எங்கள் வீடுகளில் சாதாரணம். நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு அது கூடாது, காலையில் ஒன்று, பின்னேரம் நாலு மணிக்குள் ஒன்று என்று குறைத்துப் பாருங்கள், நித்திரையிலேயே வித்தியாசம் தெரியும். தடிமனுக்குப் பாமசியில் வாங்குகிற மூக்கடைப்புக் குளிசைகள் சிலவும் நெஞ்சடிப்பைக் கூட்டும், கேட்டு வாங்குங்கள். அப்புறம், தலைமயிர் கொட்டுகிறது என்று பயோற்றின் என்ற விற்றமின் குளிசை குடிக்கிறீர்களா? கொட்டுவது இந்த வருத்தத்தால்தான், சுரப்பு நிலைக்கு வந்தால் சில மாதத்தில் முளைக்கும். பயோற்றின் பல பரிசோதனை இயந்திரங்களைப் பொய் சொல்ல வைக்கும், தைரொயிட் கூடாதவருக்கும் கூடியிருக்கிற மாதிரிக் காட்டும். இரத்தம் கொடுக்க மூன்று நாளைக்கு முன்பாவது நிறுத்துங்கள், குடித்ததைச் சொல்லியும் விடுங்கள். அமுக்கராச் சூரணம் நித்திரைக்கு நல்லது என்று கொடுப்பார்கள். எங்கள் சித்த வைத்தியத்தில் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் அமுக்கரா தைரொயிட் சுரப்பைக் கூட்டிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன, ஆகவே உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

விரதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, என்றாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் கிளினிக்குக்கு வருகிற பெண்கள் குளிசையை விடுகிற நாட்களில் அதுவும் ஒன்று. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் தண்ணீரோடு இருக்கிற பழக்கம் இருந்தால் இந்த வருடம் பாலும் பழமும் எடுத்து ஒரு நேரம் சாப்பிடுங்கள், குளிசையைக் கட்டாயம் போடுங்கள். நல்லூர்த் திருவிழாவில் வெயிலில் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடி அழிக்க நேர்ந்திருந்தால் இரத்தம் சரியாகும் வரை தள்ளிவையுங்கள். சுரப்புக் கூடிய உடம்புக்கு வெயில் இரண்டு மடங்காகத் தெரியும், வியர்வையும் அப்படித்தான். பருத்தி உடுப்பு, கையில் தண்ணீர்ப் போத்தல், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கிணற்றடியில் ஒரு குளிப்பு, வெயில் ஏற முன்னர் சமையலை முடிப்பது, இவை சின்ன விஷயங்கள்தான், அந்த நாளை ஓட்ட உதவும். தொடைத் தசை பலவீனமாக இருக்கும், அம்மி, அடுப்படியில் குந்தியிருந்து எழும்ப முடியாவிட்டால் பயப்பட வேண்டாம், அதுவும் இதனால்தான். சைக்கிளில் எதிர்காற்றுக்கு மிதித்துப் பள்ளிக்கூடம் போகிறவர் என்றால் இரண்டு மூன்று மாதம் பஸ்ஸில் போங்கள். நாடித் துடிப்பு அடங்கிய பிறகு நடையிலிருந்து தொடங்கலாம்.

அந்த நாடியை நீங்களே பார்க்கப் பழகுங்கள். காலையில் எழும்பினதும், தேத்தண்ணிக்கு முன், பெருவிரல் பக்க மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து மணிக்கூட்டைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணி ஒரு கொப்பியில் எழுதுங்கள், கிழமைக்கு ஒரு தரம் எடையையும் எழுதுங்கள். சும்மா இருக்கும்போதே 100க்கு மேலே நின்றால் கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும். எண்ணிக்கையை விட ஒழுங்கு முக்கியம்: ஒரு அடி வந்து, தவறி, இரண்டு சேர்ந்து வந்து என்று தாளம் இல்லாமல் அடித்தால், மூச்சு வாங்கினால், கால் வீங்கினால் அன்றைக்கே போங்கள்.

கண்ணைப் பற்றி: கிரேவ்ஸ் நோய் உள்ள எல்லோருக்கும் கண் பிதுங்காது. கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தல், கண்ணீர் வடிதல் என்றால் வெளியில் போகும்போது கறுப்புக் கண்ணாடி, வைத்தியர் சொல்கிற கண்துளி, தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் படுப்பது போதும். ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, நிறங்கள் மங்கினாலோ, கண்ணை அசைக்க நோ வந்தாலோ தாமதிக்கக்கூடாது. புகைப்பது இந்தக் கண் வருத்தத்தைக் கடுமையாக்கும் என்பதில் சந்தேகமே இல்லை, இதை வாசிக்கிற தம்பிமாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். செலினியம் குளிசை பற்றிக் கேட்பார்கள். லேசான கண் வருத்தத்துக்கு ஆறு மாதம் கொடுத்துப் பயன் கண்டது ஐரோப்பாவில். மண்ணும் சாப்பாடும் வேறான, கடல் மீன் சாப்பிடுகிற நமக்கும் அதே பயன் கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதே தம்பிமாருக்கு இன்னொன்று: எங்கள் ஆசிய ஆண்களில் சிலருக்கு இந்த வருத்தத்தோடு, வயிறு முட்டச் சோறும் இனிப்பும் சாப்பிட்டுப் படுத்து விடிய எழும்பும்போது கால் அசையாமல் போகும். பொட்டாசியம் இறங்கிவிடுவதால் வருவது. பக்கவாதம் என்று எண்ணெய் பூசிக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

யோசனையால்தான் இந்த வருத்தம் வந்தது என்று உங்கள் அம்மா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இது தீராத கேள்வி. பெரிய இழப்புகளுக்குப் பிறகு கிரேவ்ஸ் தொடங்கியவர்களை ஆய்வுகளும் கண்டிருக்கின்றன, இந்த மண்ணில் நானும் நிறையக் கண்டிருக்கிறேன், ஆனால் அதே இழப்போடு வருத்தம் வராமல் இருப்பவர்கள் எவ்வளவு பேர். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தூண்டுவதால் வருவது என்பது உறுதி, குடும்பத்தில் ஓடும் என்பதும் ஓரளவு உறுதி, பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் என்பதும் உறுதி. 1835இல் டப்ளினில் ரொபேட் கிரேவ்ஸ் என்ற வைத்தியர் எழுதியதே படபடப்போடும் கழுத்து வீக்கத்தோடும் வந்த பெண்களைப் பற்றித்தான். உங்களுடையது கிரேவ்ஸா, கட்டியா, வேறா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பிள்ளை பெற்ற முதல் வருடத்துக்குள் வருகிற ஒருவகை சுரப்பி அழற்சி தானாகவே அடங்கும், அதற்குக் கார்பிமசோல் உதவாது. கிரேவ்ஸ் என்றால் குளிசையை முடித்த பிறகு ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் திரும்ப வரலாம். யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சரியாகச் சொல்ல யாராலும் முடியாது. வந்தால் திரும்பக் குளிசை, கதிரியக்க அயடின், சத்திரசிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன, அவற்றில் சிலவற்றுக்குப் பிறகு வாழ்நாள் முழுக்கத் தைரொக்சின் குடிக்க வேண்டி வரும், அப்படிக் குடித்துக்கொண்டு தோட்டமும் செய்து பேரப்பிள்ளையும் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். இன்னொரு பிள்ளை வேண்டும் என்று நினைத்தால் முதலில் வைத்தியரிடம் சொல்லி, சுரப்பு அடங்கின பிறகு பாருங்கள். அதற்குமுன் மாதவிலக்குத் தள்ளிப்போனால் குளிசையை நீங்களாக நிறுத்தாமல் அன்றைக்கே கிளினிக்கில் சொல்லுங்கள், கர்ப்பத்தின் முதல் மாதங்களில் மருந்தை மாற்றுவார்கள்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று யோசிக்கிறீர்கள் போல. "அம்மாவின் கழுத்துக்குள் ஒரு வருத்தம், அதனால் அம்மாவுக்குக் கெதியில் கோபம் வரும், உங்களில் பிழை இல்லை" என்று சொன்னால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். எரிந்து விழுந்துவிட்டால் பிறகு கிட்டக் கூப்பிட்டு அணைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிளினிக்குக்குக் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், நாடி எழுதின கொப்பியையும், குடிக்கிற எல்லாக் குளிசைகளின் பெட்டிகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கில் உங்கள் முறைக்காக இருக்கும்போது, எத்தனை மாதமாக வருகிறீர்கள் என்று பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்டுப் பாருங்கள்.